குளத்துக்குச் சாப்பாட்டு நேரம்

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஆறு மணிக்குள் குளத்திலிருந்து ஒரே ஒரு மீனைக் காட்ட வேண்டும். கம்பெனி நிர்வாக ஆபீசர் தேசிகன் சார் கேட்டது அவ்வளவுதான். கடலைக்காய்ப் பரிசைத் திருவிழாவின் நடுவில் நின்றுகொண்டு 'ஒரு கடலை கிடைக்குமா?' என்று கேட்கிற ஆளைப் பார்ப்பதுபோல ஷோபா அவரைப் பார்த்தாள்.

"ஒண்ணு போதுமா சார்? வறுக்கற சைஸா, கொழம்பு சைஸா, அத்த மட்டும் சொல்லிடுங்க."

"நான் வெஜிடேரியன்மா. எனக்கு எந்த சைஸும் வேண்டாம். கண்ணால பாத்தா போதும்," என்றார் அவர். "பாக்கலேன்னா ஆறு மணிக்கு டிப்பர் ரெடியா நிக்கும். மண்ணைக் கொட்டி மூடிட வேண்டியதுதான். அப்புறம் என்கிட்ட வந்து கண்ணைக் கசக்கக் கூடாது."

"கண்ணக் கசக்கறதா? நானா?"

கேட்டுவிட்டு சாம்பார் அண்டாவைக் கிளறப் போய்விட்டாள். அது வியாழக்கிழமை. அன்றைக்குச் சாம்பாரில் உப்பு கொஞ்சம் தூக்கலாக இருந்ததாக அசெம்ப்ளி பிரிவில் பேசிக்கொண்டார்கள். ஷோபா அதை ஒப்புக்கொள்ளவில்லை.

பெங்களூர் பொம்மசந்திராவில், ஓசூர் ரோட்டை விட்டு மூன்று திருப்பம் உள்ளே போனால் வருகிற கம்பெனி அது. பம்புக்கு வேண்டிய உதிரிபாகங்கள் செய்கிறார்கள். இரண்டு ஷிப்டும் சேர்த்து முந்நூற்றைம்பது பேருக்குச் சாப்பாடு. அந்த முந்நூற்றைம்பது வயிற்றுக்கும் பொறுப்பு ஷோபா. நாற்பத்தேழு வயது. பிறந்தது கோலார் தங்கவயலில், சாம்பியன் ரீஃப் லைன் வீட்டில். அப்பா சுரங்கத்தில் மரம் முட்டுக்கொடுக்கிற வேலை. சுரங்கத்தை மூடியபோது ஷோபாவுக்கு இருபத்திரண்டு. அடுத்த மாதமே மாரிகுப்பத்தில் விடியற்காலை ரயில் ஏறினாள். ரயிலிலேயே தலை பின்னி, ரயிலிலேயே காலைச் சாப்பாடு முடித்து, பெங்களூரில் இறங்கி இரண்டு பஸ் மாறி வேலைக்குப் போய், ராத்திரி அதே ரயிலில் திரும்புவது என்று ஒன்பது வருஷம். முதலில் கார்மென்ட்ஸ், தையல் மிஷின் பிடிக்கவில்லை. பிறகு கேன்டீன், பிடித்துக்கொண்டது. இப்போது பக்கத்தில் ஹெப்பகோடியில் வீடு. புருஷன் நாராயணசாமிக்கு வேலை பீன்யாவில். ஊரின் தென்கோடியில் ஒருத்தி, வடகோடியில் ஒருத்தன். மஞ்சள் லைன் மெட்ரோ ரயில் விட்ட பிறகுதான் இரண்டு பேரும் ஒரே நேரத்தில் ராத்திரிச் சாப்பாடு சாப்பிடுகிறார்கள்.

குளம் என்று சொல்வதுகூட ஷோபா ஒருத்திதான். கம்பெனி வரைபடத்தில் அது 'பள்ளம்'. கட்டடம் எழுப்பிய காலத்தில் கல் வெட்டி எடுத்த இடம், மழைத் தண்ணீர் நின்று நின்று நிரந்தரமாகிவிட்டது. கேன்டீனின் பின்கதவைத் திறந்தால் பத்தடியில் ஒரு கருங்கல் பலகை, அதற்குக் கீழே தண்ணீர். எதிர்க்கரையில் செங்குத்தான பாறை, இடப்பக்கம் கோரைப்புல். நீளம் ஒரு வாலிபால் கோர்ட் இருக்கும். ஆழம் யாருக்கும் தெரியாது. ஒருமுறை ஷோபாவின் கரண்டி விழுந்தது, இன்னும் வரவில்லை.

கொரோனா வருஷத்தில் கம்பெனி பாதி ஆளோடு ஓடியது. நாற்பது பேர் வருவார்கள் என்று சமைத்தால் இருபது பேர் வருவார்கள். மீந்த சோற்றை எடுத்துப்போக வண்டி இல்லை. ஒரு நாள் ஷோபா மீன் பண்ணைக்குப் போனாள். கட்லா, ரோகு இரண்டிலும் நூறு நூறு குஞ்சுகளை வாங்கினாள். கேன்டீனில் இருந்ததிலேயே பெரிய அண்டாவில் தண்ணீரோடு விட்டு, லக்கேஜ் ஆட்டோவில் மடியில் வைத்துக்கொள்ளாத குறையாகப் பிடித்துக்கொண்டு வந்து பள்ளத்தில் கொட்டினாள். யாரையும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் 'வேண்டாம்' என்றுதான் சொல்லியிருப்பார்கள். கேட்காத கேள்விக்குப் பதில் கிடையாது என்பது அவள் கட்சி. ஜிலேபி மீன் மட்டும் யாரும் அழைக்காமல் தானாக வந்து சேர்ந்தது. எப்படி வந்தது என்று ஷோபாவுக்கும் தெரியாது.

தூண்டில் போடக் கற்றுக்கொண்டது போனில். தொப்பி போட்ட ஆட்கள் படகில் நின்று பேசுகிற வீடியோக்களைச் சத்தமில்லாமல் ஓடவிட்டு, கையை மட்டும் பார்ப்பாள். முதல் மாதம் கோரைப்புல்லைத்தான் பிடித்தாள். இரண்டாவது மாதம் தன் துப்பட்டாவைப் பிடித்தாள். மூன்றாவது மாதத்திலிருந்து மீன். அதற்குப் பிறகு ஆறு வருஷமாக, சனிக்கிழமை சாயங்காலம் பாத்திரமெல்லாம் கழுவப் போட்டுவிட்டு அந்தப் பலகைக் கல்லில் உட்கார்ந்தால், வெறுங்கையோடு எழுந்ததில்லை. இது அவளே சொல்வதல்ல, செக்யூரிட்டி கோவிந்தராஜனும் சொல்வார். வாராவாரம் அவருக்கும் இரண்டு துண்டு வறுவல் போவதால் அவர் சாட்சியை எவ்வளவு நம்பலாம் என்பது வேறு விஷயம்.

குளத்திலேயே பெரியது ஒரு கட்லா. அதற்கு ஜி.எம். என்று பெயர். எல்லாரும் வந்த பிறகு கடைசியாக வரும், எல்லாரையும்விட அதிகமாகத் தின்னும், யாரையும் நிமிர்ந்து பார்க்காது. பெயர் வைத்தது மெஷின் ஷாப் ஆட்கள். அந்தப் பெயர் ஆபீஸ் மாடிக்கு மட்டும் இதுவரை ஏறவில்லை.

இப்படி நன்றாகப் போய்க்கொண்டிருந்தபோதுதான் சுகாதாரத் துறையின் மழைக்காலத்துச் சுற்றறிக்கை வந்தது. டெங்குக் கொசு, தேங்கிய தண்ணீர், நடவடிக்கை எடுத்து எழுத்தில் தெரிவிக்கவும் என்று. சுற்றறிக்கையில் தப்பில்லை. தேசிகன் மாடி ஜன்னலிலிருந்து எட்டிப் பார்த்தார். பச்சைத் தண்ணீர் தெரிந்தது. பழைய ஷெட்டை இடித்த மண் கேட்டோரம் மலையாகக் கிடந்தது. அந்த மலையைத் தூக்கி இந்தப் பள்ளத்தில் போட்டால் இரண்டு தலைவலியும் ஒரே நாளில் தீரும். ஞாயிற்றுக்கிழமை என்றால் உள்ளே லாரி நடமாட்டமும் இருக்காது. தேசிகன் கெட்டவரல்ல. மல்லேஸ்வரத்தில் பிறந்து, மல்லேஸ்வரத்தில் கல்யாணம் பண்ணி, மல்லேஸ்வரத்துக் காப்பியைத் தவிர மற்றதெல்லாம் வெந்நீர் என்று நினைக்கிற மனுஷர். கையெழுத்துப் போடுகிற காகிதத்தை இரண்டு தடவை படிப்பார்.

"மீன் இருக்கற தண்ணில கொசுப்புழு தங்காது சார். குஞ்சுங்க வழிச்சுத் தின்னுடும்," என்று ஷோபா சொன்னாள்.

"அந்தப் பச்சைத் தண்ணில மீன் இருக்குன்னு நான் எப்படி எழுதறது? நான் பாத்ததே இல்லையே?"

அங்கேதான் ஷோபா வாயைக் கொடுத்தாள். "ஞாயித்துக்கெழமதான வரீங்க? அன்னிக்கே புடிச்சுக் கையில குடுக்கறேன் சார்."

வெள்ளிக்கிழமை வாங்க, சனிக்கிழமை வாங்க என்று சொல்லியிருக்கலாம். தோன்றவில்லை. மீன் பிடிக்கத் தெரிந்தவளுக்குக் கிழமை எதற்கு?

ஞாயிற்றுக்கிழமை மூன்றரை மணிக்கு ஷோபா கம்பெனி கேட்டில் வந்து நின்றாள். நல்ல சுடிதார், மடித்துச் செருகிய துப்பட்டா, தோளில் தூண்டில் கழி, கையில் ஒரு டிபன் டப்பா. "ஒரு மீனுக்கா இவ்ளோ அலங்காரம்?" என்று நாராயணசாமி வீட்டிலேயே கேட்டு, முறைப்பை வாங்கிக் கட்டிக்கொண்டிருந்தான்.

கோவிந்தராஜன் குச்சியைத் தூக்கி சல்யூட் வைத்தார். அவரும் தங்கவயல்தான், ஊரிகம் பக்கம். இவளைவிடப் பத்து வயது மூத்தவர்.

"இன்னா ஷோபா, ஞாயித்துக்கெயமையும் ஓ.டி.யா?"

"ஓ.டி. இல்லண்ணா. ஷோ. ஆறு மணிக்கு ஷோ. உனக்கு டிக்கெட் ஃப்ரீ."

"டப்பால இன்னா, எனக்கா?"

"மீனுக்கு."

டப்பாவில் இருந்தது சாதாரண இரை அல்ல. சனிக்கிழமை ராத்திரியே உட்கார்ந்து தயார் செய்தது. ராகி மாவு, வறுத்துப் பொடித்த கடலைப் புண்ணாக்கு, ஒரு சிட்டிகைப் பெருங்காயம், பிசைவதற்கு ஏலக்கி வாழைப்பழம் இரண்டு. கோலிக்குண்டு மாதிரி உருட்டி, ஈரத்துணி போட்டு மூடி வைத்திருந்தாள். மற்ற வாரங்களில் அவள் இவ்வளவு மெனக்கெடுவதில்லை. கேன்டீனில் மீந்த எதையாவது முள்ளில் பிடித்துவைத்துப் போடுவாள். இன்றைக்கு ஆபீசரே வருகிறார், மீனுக்கும் கொஞ்சம் விசேஷமாக இருக்கட்டும் என்று நினைத்தாள்.

பலகைக் கல்லில் சாக்கை மடித்துப் போட்டு உட்கார்ந்தாள். தூண்டில் நரம்பில் ஈயக்குண்டைச் சரிபார்த்தாள். தக்கையை இரண்டு முழம் மேலே தள்ளினாள். முள்ளில் ஒரு உருண்டையை அழுத்தி, கழியைப் பின்னால் சாய்த்து, ஒரு வீசு. பாறைக்கும் கோரைக்கும் நடுவில், போன வாரம் மூன்று ரோகு எடுத்த அதே இடத்தில் தக்கை போய் நின்றது. மூன்று நாற்பது.

மழை விட்டிருந்தது. தண்ணீர்மேல் வேப்பிலைகள் மிதந்தன. தூரத்தில் ஓசூர் ரோட்டுக்கு மேலே மெட்ரோ ஒன்று சத்தமில்லாமல் போனது. ஞாயிற்றுக்கிழமை கம்பெனியை ஷோபா அதுவரை பார்த்ததில்லை. கம்ப்ரசர் உறுமல் இல்லை, போர்க்லிஃப்ட் கீச்சு இல்லை. நல்லதுதான், மீன் பயப்படாது என்று நினைத்தாள்.

நாலு மணி. தக்கை அசையவில்லை.

நாலேகால். இரையை எடுத்துப் பார்த்தாள். போட்டது போட்டபடி இருந்தது. ஒரு வாய்கூட வைக்கவில்லை.

"ஆழம் பத்தல," என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு தக்கையை இன்னும் ஒரு முழம் ஏற்றினாள். நாலரைக்கு, "ஆழம் ஜாஸ்தி," என்று இறக்கினாள். கோரைப் பக்கம் போட்டாள். பாறையை ஒட்டிப் போட்டாள். உருண்டையைப் பெரிதாக்கினாள், சிறிதாக்கினாள். பெருங்காயம் அதிகமாகிவிட்டதோ என்று ஒன்றை எடுத்து முகர்ந்தாள், நாக்கில்கூட வைத்துப் பார்த்தாள். ருசி நன்றாகத்தான் இருந்தது. ஒரு தட்டான்பூச்சி வந்து தக்கைமேல் உட்கார்ந்து, சௌகரியமாக இறக்கையை ஆற்றிக்கொண்டது.

ஐந்து மணிக்கு டிப்பர் வந்துவிட்டது. சீக்கிரம் முடித்துவிட்டுப் போகலாம் என்று டிரைவர் ஒரு மணி நேரம் முன்னதாகவே கிளம்பியிருந்தான். நாகேஷ் என்று பெயர், ஆனேக்கல் பக்கத்து ஆள். மண் மலையிலிருந்து ஒரு லோடு ஏற்றி, கேன்டீன் பின்புறம் கொண்டுவந்து, பின்பக்கம் குளத்தைப் பார்த்த மாதிரி நிறுத்தினான். எஞ்சினை அணைத்துவிட்டு எட்டிப் பார்த்தான்.

"ஆய்த்தா மேடம்?"

"இன்னும் இல்லப்பா. சொல்ப மலகு," என்றாள் ஷோபா, கொஞ்சம் தூங்கு என்று. குரலில் தடுமாற்றம் இல்லை. கழியை மாற்றிப் பிடித்துக்கொண்டு கையைச் சுடிதாரில் துடைத்தாள். அந்த மண்ணைப் பார்க்கக் கூடாது என்று நினைத்தாள், பார்த்தாள். உடைந்த செங்கல், கம்பி, ஓட்டுச்சில்லு. அது ஒரு லோடு. கேட்டோரம் இன்னும் பன்னிரண்டு லோடாவது இருக்கும்.

கோவிந்தராஜன் கேட்டைச் சாத்திவிட்டு வந்து பக்கத்தில் குந்தினார். தக்கையைப் பார்த்தார். தட்டானைப் பார்த்தார்.

"இத்தப் புடிச்சுக் காட்டிட்டா ஒத்துக்குவாரா?"

"ணா, போய்டு."

"நான் இன்னா சொல்றேன்னா, அதுங்க எல்லாம் மாலுக்குப் போயிருக்கும். ஞாயித்துக்கெயம இல்ல? நமக்கு மட்டுந்தான் லீவு வேணுமா? அதுங்களுக்கும் லீவு."

ஷோபா சிரிக்க வாயைத் திறந்தாள். சிரிப்பு வரவில்லை. போனை எடுத்து மணி பார்த்தாள். ஐந்து பதினொன்று.

இந்த நேரத்துக்கு அவள் கையில் தூண்டில் இருக்காது. குண்டான் இருக்கும்.

ஐந்து மணிக்கு முதல் ஷிப்டின் கடைசி ஆளும் தட்டைக் கழுவிவிட்டுப் போவான். ஐந்து பத்துக்கு ஷோபா சோற்றுக் குண்டானை இடுப்பில் தூக்கிக்கொண்டு பின்கதவு வழியாக வருவாள். அடிப்பிடித்த சோறு விடாது. குண்டானைக் கவிழ்த்துப் பலகைக் கல்லின் விளிம்பில் அடிப்பாள். மூன்று அடி, ஒரு சுற்றுத் திருப்பி, இன்னும் இரண்டு அடி. சோறு தண்ணீரில் விழும். குண்டானைக் கழுவப் போட்டுவிட்டு, சனிக்கிழமையானால் தூண்டிலை எடுத்துக்கொண்டு திரும்பி வருவாள். ஆறு வருஷமாக அப்படித்தான். தூண்டில் போடுகிறவள் வேறு, குண்டான் கவிழ்க்கிறவள் வேறு என்று அவள் மனசு எப்படியோ பிரித்து வைத்திருந்தது.

அப்பா ஞாபகம் வந்தது. சுரங்கத்தில் சங்கு ஊதினால்தான் தங்கவயலில் உலை ஏறும், சங்கு ஊதினால்தான் தட்டு விழும். மூடிய பிறகு சங்கும் நின்றுபோனது. அம்மா வழக்கமான நேரத்துக்குத் தட்டு போட்டாள். அப்பா சுவரில் சாய்ந்து உட்கார்ந்தபடியே, "சங்கே ஊதலியே, அதுக்குள்ள இன்னா சோறு?" என்றார். பசியில்லாமல் இல்லை. மூன்று மாதம் அப்படி இருந்தார். வேறு வழியில்லாமல் அம்மா தாம்பாளத்தில் கரண்டியால் தட்டிவிட்டுச் சோறு போட ஆரம்பித்த பிறகுதான் சரியானது.

"அண்ணா," என்று ஷோபா எழுந்தாள். "அதுங்க லீவுல இல்லண்ணா. அதுங்களுக்கு இன்னும் சாப்பாட்டு நேரம் ஆகல."

"மணி அஞ்சேகால் ஆகப்போது."

"அதுங்ககிட்ட வாட்ச்சா கீது? கேன்டீன் சாவி குடு."

கோவிந்தராஜனுக்கு விஷயம் புரியக் கொஞ்ச நேரமானது. புரிந்ததும், "அப்டின்னா சங்கு ஊதட்டா? சுவிட்ச் என் ரூம்லதான் கீது," என்றார் ஆசையாக.

"ஊதினா ஃபயர் எஞ்சின்தான் வரும். எனக்குக் குண்டான் போதும். சாவி."

"ஞாயித்துக்கெயம கேன்டீன் தொறக்கக் கூடாதுன்னு ஆர்டர் கீதும்மா."

"யார் ஆர்டரு?"

"தேசிகன் சாரு."

"அவருக்கு மீன் காட்டத்தான தொறக்கறேன்? எழுதிக்கோ. கையெழுத்துப் போடறேன்."

ரிஜிஸ்டரில் எழுதி, கையெழுத்து வாங்கி, கொத்தில் தேடி, அரை மணி கழித்துச் சாவி வந்தது. குண்டானும் வந்தது, அலுமினியம், விளிம்பில் ஒரு பக்கம் மட்டும் ஆறு வருஷத்து அடியில் நெளிந்து போனது. ஆனால் உள்ளே பளபளவென்று கழுவி வைத்திருந்தது. ஒரு பருக்கை இல்லை. கேன்டீன் முழுக்க அரிசி மூட்டை அடுக்கியிருந்தது, வெந்த சோறு ஒரு கைப்பிடி கிடையாது. உலை வைத்து இறக்குவதற்குள் தேசிகன் வந்துவிடுவார்.

ஷோபா திரும்பிக் கோவிந்தராஜனைப் பார்த்தாள். பார்த்த விதத்திலேயே அவருக்குத் தெரிந்துவிட்டது.

"ஐயோ, வேணாம் ஷோபா. நைட் ட்யூட்டி. என் பொண்டாட்டி இன்னிக்குத்தான் ஆசையா புளிச்சோறு கட்டிக் குட்த்தா. அப்பளம்கூட வெச்சிருக்கா."

"அப்பளத்த நீ வெச்சுக்கோ."

"காலைல வரைக்கும் அப்பளம் தின்னுட்டு எப்டி நிப்பேன்?"

"இன்னிக்கு ராத்திரி உனக்கு நான் சமைச்சுத் தரேன். என்னா வேணும் கேளு. ஆனா இப்ப டப்பாவக் குடு."

ஆறு மணிக்குப் பத்து நிமிஷம் இருக்கும்போது தேசிகன் வந்தார். ஞாயிற்றுக்கிழமை வேஷம்: கட்டம் போட்ட அரைக்கைச் சட்டை, கையில் அய்யங்கார் பேக்கரிக் காகிதப் பை. வீட்டுக்கு ரொட்டி வாங்கச் சொல்லியிருந்தார்கள். பின்புறம் வந்து பார்த்தவருக்கு எதிரே கிடைத்த காட்சி இது: டிப்பரில் டிரைவர் தூங்குகிறான். தூண்டில் கல்மேல் சும்மா கிடக்கிறது. செக்யூரிட்டி கையில் அப்பளம். மீன் பிடிக்க வேண்டியவள் ஒரு குண்டானில் புளிச்சோற்றைக் கொட்டிக்கொண்டிருக்கிறாள்.

"என்னம்மா ஷோபா, பிக்னிக்கா? மீன் எங்கே?"

"சார், வந்த டைம் சரியான டைம். இங்க வந்து நில்லுங்க. நெழலு தண்ணில விழாம. ஆங், அப்டி."

"தூண்டில் போடலையா?"

"ஒண்ணரை மணி நேரமா போட்டேன் சார். வரல." இதைச் சொல்வதற்கு அவளுக்கு ஒரு விநாடிதான் பிடித்தது. "தப்பு என் மேலதான். விருந்து வெச்சுட்டுக் கூப்பிடவே இல்ல."

தேசிகன் வாட்சைப் பார்த்தார். டிப்பர் பக்கம் பார்த்தார். "ஆறு மணின்னு சொல்லியிருக்கேன்," என்றார். கறாராகச் சொல்லவில்லை, ஆனால் சொல்லிவிட்டார்.

ஷோபா குண்டானைக் கவிழ்த்துத் தூக்கினாள். கையை யோசிக்கவிடக் கூடாது. யோசித்தால் தாளம் தப்பும். வேறெங்கோ பார்ப்பதுபோலப் பாறையைப் பார்த்துக்கொண்டு அடித்தாள். டங், டங், டங். ஒரு திருப்பு. டங், டங். புளிச்சோறு தண்ணீரில் விழுந்து பரவியது. கறிவேப்பிலை ஒன்று தனியாக மிதந்தது.

ஒன்றும் நடக்கவில்லை.

தேசிகன் தொண்டையைச் செருமினார். நாகேஷ் சத்தத்தில் விழித்து டிப்பரின் கதவைத் திறந்தான். கோவிந்தராஜன் தன் சோறு கரைவதைப் பார்த்துக்கொண்டு நின்றார். ஷோபா அசையவில்லை. பாறைக்கு அடியிலிருந்து இந்தப் பக்கம் வந்து சேர நேரம் ஆகும். முந்நூற்றைம்பது பேரும் மணி அடித்த நிமிஷமே வந்துவிடுகிறார்களா என்ன? கை கழுவிக்கொண்டு வருவார்கள்.

கோரைப்புல் ஓரத்தில் ஒரு கோடு கிழிந்தது. பிறகு இன்னொன்று. வேப்பிலை ஒன்று சடக்கென்று உள்ளே இழுக்கப்பட்டு வெளியே துப்பப்பட்டது. அப்புறம் எண்ண முடியவில்லை. பலகைக் கல்லுக்குக் கீழே தண்ணீர் கொதிக்கிற உலை மாதிரி புரண்டது. ஜிலேபிகள் முதலில், பந்தியில் இடம் பிடிக்கிற அவசரத்தோடு. பின்னால் ரோகுகள், சிவந்த செதிலும் தடித்த உதடுமாக. வால்கள் அடித்ததில் தேசிகனின் ஞாயிற்றுக்கிழமைச் சட்டையில் நாலு சொட்டு தெறித்தது.

"அப்பப்பா," என்றார் தேசிகன். ஓரடி பின்னால் போனவர் இரண்டடி முன்னால் வந்தார். "இது... இதெல்லாம் மீனா? தவளை இல்லையே?"

கோவிந்தராஜன் வாய்விட்டுச் சிரித்துவிட்டார். "சார், தவளைக்குச் செதில் இருக்குமா சார்?"

"எனக்கென்னய்யா தெரியும்? நான் எழுதிக் கையெழுத்துப் போடணும். சரியா பாத்துட்டேன்னு இருக்கணும்."

"அப்போ கையில குடுக்கறேன் சார், சொன்ன மாதிரி," என்றாள் ஷோபா.

நேற்று ராத்திரி உருட்டிய கோலிகளைத் தொடவில்லை. குண்டானின் அடியில் ஒட்டியிருந்த புளிச்சோற்றை வழித்து, இறுக்கி, முள்ளில் பிடித்தாள். தக்கையைக் கழற்றிப் போட்டாள். வீசக்கூட இல்லை, கழியை நீட்டி, பரிமாறுகிற மாதிரி நடுவில் இறக்கினாள். நரம்பு ஒரு கணம் தளர்ந்தது. அடுத்த கணம் கழி வில்லாக வளைந்தது.

சிறியதல்ல என்று கைக்கு உடனே தெரிந்தது. நரம்பு தண்ணீரை அறுத்துக்கொண்டு பாறைப் பக்கம் ஓடியது. விட்டாள். கோரைக்குள் திரும்பப் பார்த்தது. விடவில்லை, கழியைச் சாய்த்து வெளியே இழுத்தாள். சாக்கு நழுவியது, செருப்பை உதறிவிட்டு வெறுங்காலோடு கல்லில் ஊன்றி நின்றாள். "ஓடு. ஓடு. எங்க போய்டுவ? திரும்பி இங்கதான் வரணும்," என்று பேசிக்கொண்டே இருந்தாள். ஐந்து நிமிஷம் இருக்கலாம், பத்தும் இருக்கலாம். கடைசியில் வெள்ளை வயிறு ஒருமுறை மின்னிப் புரண்டது. தலை வெளியே வந்தது. குண்டானின் வாய் அளவுக்குத் தலை.

"ஜி.எம்.!" என்று கத்தினார் கோவிந்தராஜன்.

தேசிகன் திடுக்கிட்டுத் திரும்பி கேட் பக்கம் பார்த்தார். "ஜி.எம்.மா? இன்னிக்கா? எங்கே?"

ஷோபா முழங்காலிட்டுக் குனிந்து, ஈரத்துணியோடு கையை உள்ளே விட்டு, மீனைக் கட்டி அணைத்துத் தூக்கினாள். நாலு கிலோவுக்குக் குறையாது. வாய் மெல்ல மெல்லத் திறந்து மூடியது.

"பாத்துக்கோங்க சார். தொட்டும் பாத்துக்கோங்க. கடிக்காது, பல்லு இல்ல."

தேசிகன் பேக்கரிப் பையை இடது கைக்கு மாற்றினார். வலது கையின் ஒரு விரலை நீட்டி, மீனின் நெற்றியில் திருநீறு வைக்கிற மாதிரி தொட்டு எடுத்தார். விரலைப் பார்த்தார்.

"குளிர்ச்சியா இருக்கு," என்றார்.

ஷோபா முள்ளைக் கழற்றி மீனைத் தண்ணீரில் இறக்கினாள். அது உடனே போகவில்லை. ஒரு நிமிஷம் அங்கேயே நின்று, மிதந்துகொண்டிருந்த கடைசிப் பருக்கைகளை வாயில் வாங்கிக்கொண்டு, அப்புறம்தான் உள்ளே போனது. ஜி.எம். என்று சும்மா பெயர் வைக்கவில்லை.

தேசிகன் டிப்பர் பக்கம் திரும்பினார். "வாபஸ் ஹோகப்பா. லோடை எடுத்த இடத்துலயே போட்டுடு. மண்ணுக்கு நான் வேற இடம் பாக்கறேன்," என்றார். நாகேஷ் கேட்டதாகத் தெரியவில்லை. ஜன்னலுக்கு வெளியே பாதி உடம்பை நீட்டி, போனில் குளத்தை வீடியோ எடுத்துக்கொண்டிருந்தான்.

"பதில்ல எழுதணும்," என்றார் தேசிகன் பிறகு. "மீன் வளர்ப்புக் குளம். பராமரிப்புப் பொறுப்புன்னு ஒரு பேர் கேப்பா. யார் பேர் போடறது?"

"ஷோபா, கேன்டீன்னு போடுங்க சார். இனிஷியல் எஸ்."

"கொசு வந்தா நீங்கதான் பதில் சொல்லணும், ஆமாம்."

"வரட்டும் சார். வந்தா எங்காளுங்க தின்னுடுவாங்க."

போகலாம் என்று கிளம்பியவர் போகவில்லை. தண்ணீர் அடங்கிவிட்டதைப் பார்த்தார். கல்மேல் கவிழ்ந்து கிடந்த குண்டானைப் பார்த்தார். அங்கே யாரும் தன்னைக் கவனிக்கவில்லை என்று நினைத்துக்கொண்டு குனிந்து அதைத் தூக்கி, விளிம்பால் கல்லில் தட்டினார். டிங்.

"சார், அது காலிங் பெல் சத்தம்," என்றாள் ஷோபா. "பசியோட வர்றவங்களக் கூப்புடறீங்க. பலமா அடிங்க. மூணு, அப்புறம் ரெண்டு."

தேசிகன் பேக்கரிப் பையைக் கோவிந்தராஜனிடம் கொடுத்துவிட்டு இரண்டு கையாலும் பிடித்து அடித்தார். டங், டங், டங். டங், டங். இந்தத் தடவை காத்திருக்கவே வேண்டியிருக்கவில்லை. கோரைப் பக்கம் கோடு கிழிந்தது, தண்ணீர் புரண்டது, வாய்கள் வரிசையாக மேலே வந்து திறந்தன. தேசிகன் குழந்தை மாதிரி சிரித்தார். வாய்கள் திறந்தே இருந்தன. குண்டான் காலி.

"கூப்ட்டுட்டுச் சும்மா அனுப்பக் கூடாது சார்," என்றாள் ஷோபா. "அப்புறம் நாளைக்கு நான் அடிச்சா நம்ப மாட்டாங்க."

"என்கிட்ட என்னம்மா இருக்கு?"

கோவிந்தராஜன் கையிலிருந்த காகிதப் பையை நீட்டினார். தேசிகன் மல்லேஸ்வரத்து வீட்டை ஒரு கணம் நினைத்துப் பார்த்தார். ரொட்டியை வெளியே எடுத்து, முதல் துண்டைக் கிள்ளி, தண்ணீரை நோக்கிக் குனிந்தார்.

பின்கதவுக்குள்ளே போய் அடுப்பைப் பற்றவைத்தாள் ஷோபா. கோவிந்தராஜனுக்கு ராத்திரிச் சாப்பாடு பாக்கி இருந்தது.

"மீன் வறுவல்தான?" என்று வெளியிலிருந்து கேட்டார் அவர்.

"இன்னிக்கு மீன் கெடையாது. அதுங்க இன்னிக்கு விருந்தாளி. முட்டக் கொழம்பு. கைய கழுவிட்டு வா, குண்டான் அடிச்சாத்தான் வருவியா?"